கூரைக் காற்றை அடைத்த பதினொரு நாள்

அந்தக் குளிர்காலத்தில் பதினொரு நாளாக நான் என் மனைவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தேன். அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் நான்தான், ஏனென்றால் அந்த வேலையைச் செய்தவன் நான். போதாக்குறைக்கு, நல்ல வேலை செய்துவிட்டேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டும் திரிந்தேன்.

எங்கள் வீடு லண்டனில், கிங்ஸ்பரியில் இருக்கிறது. பக்கத்து வீட்டோடு ஒரு சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்கும் பழைய வீடு. பிள்ளைகள் இருவரும் படிக்கவென்று வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர். நான் லண்டன் நடுவில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் வாசலில் பாதுகாப்பு வேலை பார்க்கிறேன். அது பகல் வேலை. அவள் வயோதிபர் இல்லம் ஒன்றில் இரவு ஷிப்ட் செய்கிறாள். காலையில் நான் வெளிக்கிடும்போது அவள் வருவாள். பின்னேரம் நான் வரும்போது அவள் எழும்பித் தலை வாரிக்கொண்டிருப்பாள். பல வருடமாக இப்படித்தான் எங்கள் குடும்பம் ஓடுகிறது. பகல் முழுவதும் மேல்மாடிப் படுக்கையறையில் அவள் தனியே நித்திரை கொள்வாள், அந்த நேரத்தில் நான் வீட்டில் இருப்பதில்லை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படுக்கையறைக்கு நேர் மேலே, கூரைக்குள், லொஃப்ட். பழைய சூட்கேஸ்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகங்கள், இனித் தேவைப்படாது என்று தெரிந்தும் எறிய மனம் வராத சாமான்கள் எல்லாம் அங்கேதான். ஒரு மூலையில் காஸ் பொயிலர். வீட்டைச் சூடாக்குவதும் குளிக்கச் சுடுதண்ணீர் தருவதும் அதுதான். நாங்கள் வீடு வாங்கும்போதே அங்கே நின்றது. கிழட்டுப் பொயிலர், ஆனால் ஒருநாளும் எங்களைக் கைவிட்டதில்லை. கூரை ஓடுகளுக்கு நடுவே ஏழெட்டு இடத்தில் சின்னக் காற்றுத் துவாரங்கள் இருந்தன. கூரையின் அடி ஓரம் நெடுகவும் விரல் அகலத்துக்கு இடைவெளி. அவை எதற்கு என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

பிள்ளையாருக்கான இருபத்தொரு நாள் விரதம் தொடங்கி மூன்றாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பனி வந்தது. அவள் வருடந்தோறும் இந்த விரதத்தை விடமாட்டாள். நாளுக்கு ஒரு நேரச் சாப்பாடு. பின்னேரம் கோயிலுக்குப் போய்க் கதை படிப்புக் கேட்டுவிட்டு வந்து, அந்த ஒரு நேரத்தைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவாள். எனக்கு இதெல்லாம் பிடிக்காது. இரவு முழுக்க வயது போனவர்களைத் தூக்கிப் படுத்தி எழுப்பும் ஒரு மனுசி வயிற்றைக் காயப்போடுவது எந்தக் கடவுளுக்குச் சந்தோசம் என்று கேட்பேன். அவள் கொடுப்புக்குள் சிரித்துக்கொண்டு போய்விடுவாள்.

லண்டனில் வழக்கமாக விழுவது ஈரப் பனி. விழுந்த இடத்தில் கிடந்து, மறுநாள் சேறாகிப் போய்விடும். அன்று வந்தது வேறு மாதிரி. கிழக்கிலிருந்து ஓயாமல் காற்று அடித்தது. பனி காய்ந்து, அரித்த மாவைப்போல நைசாக இருந்தது. அது கீழே விழவில்லை. தெரு நெடுகப் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலில் நின்று பார்க்க எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. வேலையால் வந்தவள் உடுப்பு மாற்ற மேலே போனாள். போன வேகத்திலேயே குரல் கேட்டது.

"இஞ்சருங்கோ, ஒருக்கால் மேலை வாங்கோ. முகட்டைப் பாருங்கோ."

கட்டிலுக்கு நேர் மேலே கூரைப் பலகையில் ஒரு ஈரத் திட்டு. சாப்பாட்டுக் கோப்பை அளவில் இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கவே அதன் விளிம்பு கொஞ்சம் நகர்ந்தது.

ஏணியை இறக்கி லொஃப்டுக்குள் தலையை நீட்டினேன். உள்ளே பனி பெய்திருந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சூட்கேஸ்களின் மேல், குளிர் தாங்கவென்று நிலத்தில் விரித்திருந்த பஞ்சின் மேல், புத்தகப் பெட்டிகளின் மேல், எங்கும் ஒரு வெள்ளைப் படை. ஒவ்வொரு துவாரத்துக்கும் கீழே சின்னச் சின்னக் குவியல். டோர்ச் வெளிச்சத்தில் இன்னும் மெல்லிசாக உள்ளே வந்துகொண்டிருந்தது. பொயிலருக்குப் பக்கத்தில் விழுந்தது மட்டும் உருகிப் பஞ்சுக்குள் இறங்கியிருந்தது. கூரை ஒழுகவில்லை, ஒரு ஓடும் உடையவில்லை. காற்று அந்தப் பனியைச் சுமந்துகொண்டுவந்து எங்கள் தலைக்கு மேலே கொட்டிவிட்டுப் போயிருந்தது.

தும்புக்கட்டையாலும் வாளியாலும் அள்ளிக் கொட்டி முடிக்கப் பின்னேரமாகிவிட்டது. அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போன இடத்தில் பார்த்தவர்களுக்கெல்லாம் கதையைச் சொன்னேன். அங்கேதான் நோர்வே அண்ணை நின்றார். அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஆனால் கோயிலில் எல்லோரும் கூப்பிடுவது அப்படித்தான். நோர்வேயில் இருபது வருடம் தச்சு வேலையும் கூரை வேலையும் செய்துவிட்டு, பிள்ளைகள் இங்கிலிஷில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தவர். நல்ல மனுசன். ஆனால் எதைத் தொட்டாலும் 'நோர்வேயிலை' என்று தொடங்குவார். அதைக் கேட்டாலே எனக்கு உள்ளே ஏதோ கடிக்கும்.

"அடைச்சுப் போடாதேங்கோ, தம்பி," என்றார். "நோர்வேயிலை உது எல்லா வீட்டிலும் வாற பிரச்சினை. துவாரத்துக்கு உள்ப்பக்கம் பலகையாலை ஒரு பெட்டி அடிச்சு, வலை போட்டுவிடவேணும். காத்தை மறிக்கக் கூடாது, களைக்க வைக்கவேணும். சின்ன ஓட்டையாலை வேகமா வாற காத்து பெரிய பெட்டிக்குள்ளை வந்தால் களைச்சுப் போகும். களைச்ச காத்து பனியைக் கீழை போட்டுட்டு, தான் மட்டும் உள்ளை வரும். சனிக்கிழமை நான் வந்து செய்து தாறன்."

சுற்றி நின்ற நாலு பேரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கதை என்னுடையது, கேட்பது அவரை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது லண்டன், அண்ணை," என்றேன். "பத்து வருசத்துக்கு ஒருக்கால் வாற பனிக்குப் பெட்டி அடிக்கத் தேவையில்லை."

அவர் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார். அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால், அல்லது நான் ஒரு சொல் கூடச் சொல்லியிருந்தால், விசயம் அங்கேயே முடிந்திருக்கும். பொயிலர் லொஃப்டுக்குள் இருக்கிறது என்பதை நான் சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய விசயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, பனிக்கு ரயில் ஓடவில்லை. நான் வேலைக்குப் போகாமல் நின்றேன். அவள் ஷிப்ட் முடித்து வந்து, ஈரத் திட்டின் கீழிருந்து கட்டிலைக் கொஞ்சம் தள்ளி இழுத்துப்போட்டுவிட்டுப் படுத்தாள். நான் அரிசிப் பைகளைத் தேடி எடுத்தேன். எங்கள் ஆட்களின் வீட்டில் பெரிய அரிசிப் பை தீர்ந்தால் பையை எறிவதில்லை. கட்டிலுக்குக் கீழே, மாடிப்படிக்குக் கீழே, எங்காவது மடித்து வைத்திருப்போம். என்னிடம் பத்துப் பன்னிரண்டு இருந்தன. பழைய போர்வைகளைக் கிழித்து அவற்றுக்குள் திணித்து, ஒவ்வொரு துவாரத்திலும் இறுக்கி, மேலே அகலமான ரேப்பால் ஒட்டினேன். கூரையின் அடி ஓரத்தையும் விடவில்லை. வயிற்றில் ஊர்ந்து ஊர்ந்து போய், அந்த விரல் அகல இடைவெளி முழுவதும் துணியைச் சுருட்டிச் செருகினேன். மூன்று மணித்தியால வேலை. வியர்த்து ஒழுகியது.

எனக்கு அது புது வேலையும் இல்லை. லண்டனுக்கு வந்த புதிதில் செவன் கிங்ஸில் நாலு பேர் ஒரு அறையில் இருந்தோம். குளிர் தாங்க ஏலாமல் ஜன்னல் விளிம்பு, கதவின் கீழ், சுவர் வெடிப்பு எல்லாவற்றையும் பேப்பராலும் ரேப்பாலும் அடைப்போம். இந்த நாட்டில் நான் முதலாவதாகப் பழகிய கைத்தொழில் அதுதான்: ஓட்டையைக் கண்டால் அடை. யாராவது புதிதாக வந்தால் அடைக்கப் பழக்கிவிடுவதும் நானாகத்தான் இருக்கும். அதில் நான் பெரிய விண்ணன் என்ற நினைப்பு எனக்கு.

வேலையை முடித்து டோர்ச்சை அணைத்துப் பார்த்தேன். வெளிச்சப் பொட்டு ஒன்றுகூட இல்லை. காற்றுச் சத்தமும் நின்றுவிட்டது. பொயிலர் மட்டும் மூலையில் உறுமிக்கொண்டிருந்தது. கீழே இறங்கி, விரதக்காரிக்குக் குளிருமே என்று இரக்கப்பட்டு, பகல் முழுவதும் ஹீற்றிங் ஓடும்படி நேரத்தை மாற்றிவைத்தேன். வழக்கமாக நாங்கள் பகலில் ஹீற்றிங் போடுவதில்லை, இரவு நான் படுக்கும்போதும் நிறுத்திவிடுவேன். என் கையால்தான் அதையும் செய்தேன்.

ஈரத் திட்டு இரண்டு நாளில் காய்ந்தது. பனி திரும்பவும் பெய்தது. ஒரு துகள் உள்ளே வரவில்லை. அவள் மனம் நிறைந்து பாராட்டினாள்.

புதன்கிழமை பின்னேரம் நான் வந்தபோது அவள் கட்டிலில் இருந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தலையிடி. ரெண்டு பக்கமும் அமத்துது," என்றாள்.

"சாப்பிடாமல் கிடந்தால் தலையிடிக்காமல் என்ன செய்யும்? ஒரு பாண் துண்டைச் சாப்பிடும், போயிடும்."

சாப்பிடவில்லை. கோயிலுக்குப் போனோம். கதை படிப்பு முடிய அவள் முகம் தெளிந்துவிட்டது. "பாத்தியளோ, பிள்ளையாருக்கு முன்னாலை இருந்தன், தலையிடி போயிட்டுது," என்றாள். அன்றிரவு வேலையிலும் அவளுக்கு ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை வீட்டில் படுத்து எழும்பத் திரும்பவும் தலையிடி. கோயிலுக்குப் போகத் திரும்பவும் சுகம். வெள்ளி, சனி என்று அதே மாதிரி. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடிக்கொண்டு வந்தது. கோயிலில் பெண்கள் இதைக் கேட்டு மெய்சிலிர்த்துப் போனார்கள். பிள்ளையார் கைமேல் பலன் காட்டுகிறார் என்றார்கள்.

நான் வேறு கணக்குப் போட்டேன். பட்டினி கிடந்து நித்திரை கொண்டால் தலையிடிக்கும்; கோயிலில் சர்க்கரைத் தண்ணியோ பழமோ வாயில் படச் சரியாகிவிடும். விளங்கிவிட்டது என்று நினைத்தேன். வேலைக்குப் போனால் தலையிடி இல்லை, வீட்டுக்கு வந்தால்தான் தலையிடி என்று அவள் ஒருநாள் சொன்னபோது, "அப்ப என்னைக் கண்டால்தான் உமக்குத் தலையிடி போலை," என்று பகிடி விட்டேன். அவளும் சிரித்தாள். இருவரும் சிரித்துக்கொண்டு நின்றோம். 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் நின்றேன். மத்தியானத்துக்குள் எனக்கும் தலை கனத்தது. அவள் முதல்நாள் தாளிக்கக் கறிவேப்பிலை போட மறந்தாள். அன்று உப்பை இரண்டு தரம் போட்டாள். விளக்கேற்றியாயிற்றா என்று என்னிடம் கேட்டாள், விளக்கு அவளுக்கு முன்னாலேயே எரிந்துகொண்டிருந்தது. எரிச்சலில் நான் கத்தினேன். விரதம் என்ற பேரில் மூளையைக் கெடுத்துக்கொள்கிறாய் என்று பேசினேன். அவள் அழவில்லை. நாற்காலியில் இருந்து சுவர்களைப் பார்த்தாள்.

"இந்த வீட்டிலை ஏதோ வந்திருக்கு," என்றாள் மெதுவாக. "வெளிக்கதவைத் திறந்து உள்ளை வந்து கொஞ்ச நேரத்திலை ஆரோ தலையிலை கையை வச்சு அமத்துற மாதிரி இருக்கு. பகிடி இல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு."

அன்று பின்னேரம் கோயில் ஐயரிடம் மந்திரித்த தேசிக்காய் வாங்கிவந்து வாசல் நிலையில் கட்டினாள். நான் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது முழுக்கச் சரி. வீட்டில் ஒன்று வந்திருந்தது. போக வழியில்லாமல் அதை அடைத்து வைத்திருந்தவன் அவளுக்குப் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அதே ஞாயிறு நான் லொஃப்டுக்குள்ளும் ஏறிப் பார்த்தேன். என் கைவேலை எப்படி நிற்கிறது என்று பார்க்கத்தான். பைகள் அசையவில்லை. ஆனால் ஓட்டின் கீழ்ப்பக்கம் ஆணி நுனிகளில் எல்லாம் தண்ணீர்த் துளிகள் தொங்கின. பழைய பனியின் மிச்சம் என்று நினைத்தேன். பொயிலரின் சின்னக் கண்ணாடிக்குள் சுவாலை தெரிந்தது. அது எப்போதும் நீலமாக எரிவது எனக்குத் தெரியும். அன்று மஞ்சளாக, நீட்டு நீட்டாக, சாமி விளக்குப்போல ஆடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு மேலே கொஞ்சம் கரி. நல்ல பிரகாசமாக எரிகிறதே என்று ஒரு நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தேன். தலை சுற்றியது. தூசி என்று சொல்லிக்கொண்டு இறங்கிவந்தேன்.

வியாழக்கிழமை பின்னேரம், விரதத்தின் பதினான்காம் நாள், கோயிலில் நான் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்த நேரம் அவள் நோர்வே அண்ணையோடு கதைத்திருக்கிறாள். என்னைப் பற்றிப் பெருமையாகத்தான். பெட்டியும் தேவையில்லை வலையும் தேவையில்லை, அரிசிப் பையால் ஓட்டை முழுக்க அடைத்துவிட்டார், இப்போது ஒரு பொட்டுப் பனி வராது என்று சொல்லியிருக்கிறாள். பிறகு தலையிடிக் கதையையும், கோயிலுக்கு வந்தால் சுகமாகும் அதிசயத்தையும்.  விரதத்தின் அதிசயத்தைக் கேட்டு மெய்சிலிர்க்காத ஒரே ஆள் அண்ணையாகத்தான் இருந்திருக்க வேண்டும். படுத்தபிறகும் அது மனதுக்குள் உருண்டுகொண்டே இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணிபோல வேலையிடத்தில் என் போன் அடித்தது.

"தம்பி, உங்கடை வீட்டு வாசலிலை நிக்கிறன். பெல் அடிச்சுப் பாத்தன், கதவிலை தட்டியும் பாத்தன். ஒருத்தரும் வரேல்லை."

"அவ நித்திரை, அண்ணை. நைட் ஷிப்ட்."

"உங்கடை பொயிலர் எங்கை இருக்கு?"

"லொஃப்டுக்குள்ளை. ஏன்?"

போனுக்குள் தெருவில் கார் ஒன்று போகும் சத்தம் கேட்டது.

"தம்பி, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. நான் பின்பக்கத்தாலை கதவை உடைக்கப் போறன்."

இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் எழுத வேண்டும். இவர் படம் காட்டுகிறார் என்று நினைத்தேன். நான் தன் பேச்சைக் கேட்காமல் அடைத்துவிட்டேன், அது இவருக்குப் பொறுக்கவில்லை, வீடு தேடி வந்து நோர்வே வித்தை காட்டப் போகிறார் என்று நினைத்தேன். எங்கள் தெருவில் நகை இருக்கும் என்று தமிழ் வீடுகளாகப் பார்த்துக் கள்ளர் உடைக்கிறார்கள், அதற்காகக் கதவுக்கு மூன்று பூட்டுப் போட்டிருந்தேன். அதையும் நினைத்தேன். அவளைத் தவிர எல்லாவற்றையும் நினைத்தேன்.

"உங்களுக்கென்ன விசரே?" என்றேன். "மனுசி பன்னிரண்டு மணித்தியாலம் வேலை செய்துபோட்டுப் படுக்கிறா. எழுப்பாதேங்கோ. உங்கடை பெட்டியைப் பற்றிப் பின்னேரம் கோயிலிலை கதைப்பம்."

சொல்லிவிட்டு, அவர் பதில் சொல்ல முன்னரே போனை வைத்துவிட்டேன்.

யாரோ ஒரு பெண் வந்து தன் அட்டை வேலை செய்யவில்லை என்றாள். கதவைத் திறந்துவிட்டேன். திரும்பிவந்து கதிரையில் இருந்தேன். அப்போதுதான் அந்த மஞ்சள் சுவாலை கண்ணுக்குள் வந்தது. காற்றுப் போதாவிட்டால் சுவாலை மஞ்சளாகும். இது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதுதான் கொடுமை. ஊரில் விஞ்ஞானப் பாடத்தில் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவைப் பற்றி ஒரு பக்கம் எழுதி முழுப் புள்ளி வாங்கியவன் நான். நிறமில்லை, மணமில்லை, இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும், முதல் அறிகுறி தலையிடி. வரி வரியாக நினைவுக்கு வந்தது. வீட்டில் இருந்தது புகைக்கு அடிக்கும் அலாரம் மட்டும். இதற்குப் புகையே கிடையாது.

அவருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. அவளுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. அவருக்குத் திரும்பவும் அடித்தேன். வேலையிடத்தில் என்ன சொல்லிவிட்டு வந்தேன், சொன்னேனா இல்லையா என்று தெரியாது. ரயிலில் ஏறிவிட்டேன்.

அந்த ரயில் நிலத்துக்குக் கீழே ஓடும்போது போன் வேலை செய்யாது. நான் ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கதவு மூடப் பிந்தும் ஒவ்வொரு தரமும் கத்த வேண்டும்போல் இருந்தது. எதிரே ஒரு பொடியன் கண்ணை மூடி நித்திரை கொண்டுகொண்டிருந்தான், வாயைக் கொஞ்சம் திறந்தபடி. அவனைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. ஃபிஞ்ச்லி ரோட்டில் ரயில் வெளிச்சத்துக்கு வந்தது. போன் துடித்தது. அவர்தான்.

"அம்புலன்ஸ் வந்திட்டுது," என்றார். மூச்சு வாங்கியது. "மூச்சு இருக்கு. ஆசுப்பத்திரிக்கு நேரை வாங்கோ."

நடந்ததை அவர் சொல்லித்தான் பிறகு அறிந்தேன். நான் போனை வைத்ததும் அவர் பக்கத்துக் கேற்றால் ஏறிக் குதித்து, குசினிக் கதவின் கண்ணாடியைத் தோட்டத்தில் கிடந்த கல்லால் உடைத்திருக்கிறார். மாடியில் அவள் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் நிலத்தில் கிடந்திருக்கிறாள். வயிற்றில் கிடந்ததைச் சத்தி எடுத்திருக்கிறாள். பெல் சத்தம் கேட்டு எழும்பி வரத்தான் பார்த்திருக்கிறாள், கால் கொடுக்கவில்லை. ஆட்டிக் கூப்பிட்டாலும் கண் திறக்கவில்லை. அவர் தன் சட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, அவளைப் போர்வையோடு தூக்கி, படி இறங்கி, பின் தோட்டத்துப் பனியில் கொண்டுவந்து கிடத்தியிருக்கிறார். அவருக்கு வயது அறுபது.

ஆசுப்பத்திரியில் அவள் முகத்தில் ஒட்சிசன் மூடி போட்டிருந்தார்கள். டொக்டர் இளம்பெண். நான் வரும்வரை நித்திரை கொள்ளட்டும் என்று விட்டிருந்தால் எழும்பியிருக்க மாட்டாள் என்று சொன்னாள். அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எழுப்பாதேங்கோ என்று போனில் சொன்னவனே நான்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

காஸ்காரர் வந்து பொயிலரை மூடி, இனி ஒருநாளும் பற்றவைக்கக் கூடாது என்று சிவப்பு அட்டை ஒட்டிவிட்டுப் போனார். அந்தப் பழைய வகைப் பொயிலர் தான் எரியத் தேவையான காற்றை லொஃப்டிலிருந்துதான் எடுக்குமாம். நான் அடைத்தது அதன் மூச்சை. அது தன் நஞ்சை வெளியே தள்ள வழியில்லாமல், குழாய் இறங்கும் ஓட்டைகளால் எங்கள் படுக்கையறைக்குள் விட்டுக்கொண்டிருந்தது. எட்டு அரிசிப் பைகளையும் நானே பிடுங்கினேன். கடைசிப் பையைப் பிடுங்கக் கூரைக்குள் காற்று புகுந்த சத்தம் கேட்டு, அந்த இடத்திலேயே இருந்து அழுதேன்.

மூன்றாம் நாள் அவள் தெளிவாகக் கதைத்தாள்.

"அண்ணை பின்கதவை உடைச்சுத்தானாம் வந்தவர்," என்றாள். "உடைக்க முதல் உங்களைக் கேட்டவராமே."

"கேட்டவர்," என்றேன்.

"உடனை உடைக்கச் சொல்லிட்டியள், என்ன? கதவிலை ஒரு கீறல் விழுந்தாலே துள்ளுற மனுசன்." என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "நீங்கள் யோசிச்சுக்கொண்டு நிண்டிருந்தால் நான் இண்டைக்கு இல்லை."

"ஓம்," என்றேன்.

ஆம் என்ற ஒரு சொல். அதைத் திருப்பி எடுக்க அப்போதே நேரம் இருந்தது. மறுநாளும் இருந்தது. நான் எடுக்கவில்லை. அவள் வீடு திரும்பினாள், கோயிலுக்குப் போய் விரதத்தை முடித்தாள், பார்த்தவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொன்னாள். நான் தலை குனிந்துகொண்டு நிற்பேன். அதை அடக்கம் என்று நினைத்தார்கள்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை நோர்வே அண்ணை பலகையும் வலையும் கொண்டுவந்தார். புதுப் பொயிலர் வெளிக்காற்றில் எரியும் வகை, குசினிச் சுவரில் பூட்டியிருந்தோம். ஆனாலும் கூரைக்குக் காற்று வேண்டும், இல்லாவிட்டால் மரம் உக்கிவிடும் என்றார். ஒவ்வொரு துவாரத்துக்கும் ஒரு பெட்டி அடித்தார். நான் பலகையைப் பிடித்துக் கொடுத்தேன். நாலு மணித்தியாலத்தில் அவர் என்னோடு அளவு மட்டும்தான் கதைத்தார். ஒருதரம்கூட 'நோர்வேயிலை' என்று சொல்லவில்லை. சொல்லமாட்டாரா என்று நான் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

கீழே இறங்கி வர அவள் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"அண்ணை, இவர் மட்டும் உடையுங்கோ எண்டு சொல்லாட்டி நீங்களும் கொஞ்சம் யோசிச்சிருப்பியள், என்ன?" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தேன்.

"ஓம் தங்கச்சி," என்றார்.

சாமான்களைக் காருக்குக் கொண்டுபோகும்போது நானும் கூடப் போனேன். கதவைச் சாத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அவவுக்காக ஒருக்கால் பொய் சொன்னன். இன்னொருக்கால் கேட்டால் சொல்லமாட்டன். நீங்கள்தான் சொல்லவேணும்."

அது நடந்து இரண்டு வருடமாகிறது. அவள் இன்னும் கேட்கவில்லை. நான் இன்னும் சொல்லவில்லை. இன்று நான் லீவு போட்டிருக்கிறேன், அவள் இரவு ஷிப்ட் முடித்து வந்து மேலே படுத்திருக்கிறாள். பின்னேரம் அவள் எழும்பி வரும்போது, நான் எழுதிய இந்தத் தாள்கள் சாப்பாட்டு மேசையில் இருக்கும்.